கான்ஃபரன்ஸ் மாறினால் காலேஜும் மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பல்கலைக்கழகங்கள் ஒரு கான்ஃபரன்ஸை, அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டை, விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்களும் அனுப்பப் போகிறவர்களும் இது பற்றிக் கேட்டு எழுதியவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஃபுட்பால் என்று இங்கே சொல்வதெல்லாம் ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நம் ஊர்க் கால்பந்து அல்ல.

பையன் அரிசோனா ஸ்டேட்ல எம்.எஸ். படிக்கிறானுங்க. அவங்க யுனிவர்சிட்டி பேக்-12ல இருந்து பிக் 12க்குப் போயிருச்சுங்கிறான். லோன் போட்டு அனுப்பியிருக்கோமுங்க. டிகிரி மதிப்பு குறைஞ்சு போயிருமா?
– க.ரா., கோபிசெட்டிபாளையம்

குறையாதுங்க. கான்ஃபரன்ஸ் என்பது யார் யாரோடு ஆடுவது, டிவி பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கான கூட்டு. பட்டத்துக்கு அங்கீகாரம் தருவது வேறு அமைப்பு. அரிசோனா ஸ்டேட்டுக்கு அது ஹையர் லேர்னிங் கமிஷன். எம்.எஸ். முடித்து வேலை தேடும்போது எந்தக் கான்ஃபரன்ஸ் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. உங்கள் மகனுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்: 2024-ல் பிக் 12க்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே அரிசோனா ஸ்டேட் அந்தக் கான்ஃபரன்ஸின் ஃபுட்பால் பட்டத்தை வென்று, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் சுற்று வரை போனது.

நம் பெற்றோர் பலர் தர வரிசை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஐவி லீக்கும் ஒரு விளையாட்டுக் கான்ஃபரன்ஸ்தான். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு பல்கலைக்கழகங்கள் 1954-ல் போட்ட ஒப்பந்தம் அது. விளையாட்டுக்கென்று அங்கே உதவித்தொகையே கிடையாது.

படிப்பைத் தொடும் முக்கியமான விதிவிலக்கு பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ். அதன் உறுப்பினர்களுக்குள் நூலகப் புத்தகப் பரிமாற்றம், கூட்டுக் கொள்முதல் என்று தனியாக ஒரு கல்விக் கூட்டமைப்பு இருக்கிறது. 2024-ல் பிக் டென்னுக்குள் வந்த நான்கு மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களுக்கும் அது கிடைத்தது. ஆராய்ச்சி மாணவருக்கு உதவும்; மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

உடற்கல்வி ஆசிரியர் நான். நம்ம பல்கலைக்கழகங்களுக்கு எந்த மண்டலம்னு மேல இருந்து சொல்லிர்றாங்க. அங்க இதை யார் முடிவு பண்றாங்க? இந்தத் தாவல் எப்பத் தொடங்குச்சு?
– சு.வே., பொள்ளாச்சி

நம்மிடம் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலம் பிரிக்கிறது. பாரதியாரோ பெரியாரோ தெற்கு மண்டலத்தை விட்டு மேற்குக்குப் போக முடியாது. போனாலும் லாபமில்லை, டிவி பணம் இருந்தால்தானே. அங்கே தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. எந்தப் பல்கலைக்கழகத்தையும் எந்தக் கான்ஃபரன்ஸிலும் வைப்பதில்லை. ஒரு பல்கலைக்கழகம் கேட்கும், அந்தக் கான்ஃபரன்ஸின் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி வாக்களித்துச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான்.

தொடக்கப்புள்ளி 1984. அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரும், எத்தனை முறை வரும் என்பதெல்லாம் என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உரிமை பல்கலைக்கழகங்களிடம் வந்தது. தனித்தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை கூடும் என்பதால் அது கான்ஃபரன்ஸ்களிடம் குவிந்தது. அன்றிலிருந்து ஒரு கான்ஃபரன்ஸுக்கு வேண்டியது பக்கத்து ஊர்ப் போட்டியாளர் இல்லை. டிவி கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் பெயர்.

அப்புறம் நடந்ததெல்லாம் இதன் விளைவு. தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. 12 உறுப்பினராக வளர்ந்து 1992-ல் தனி இறுதி ஆட்டம் நடத்தியது. டெக்சாஸைச் சுற்றியிருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் கலைந்தது; அதன் நான்கு பல்கலைக்கழகங்கள் பிக் எய்ட் என்ற கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12 ஆயின. 2011 முதல் 2014 வரை இன்னொரு சுற்று. இப்போதைய அலையைக் கிளப்பியது 2021 ஜூலை: டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30-ல் லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாகச் சொன்னதோடு மேற்குக் கரையின் பேக்-12க்கு அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் கிளம்பின: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. கொலராடோ அதற்கு ஒரு வாரம் முன்பே போயாயிற்று. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரைக்காரர்களின் ஏ.சி.சி.யில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ்! பெயரில் 'டென்' உள்ள கான்ஃபரன்ஸில் இப்போது 18 பேர், '12' உள்ளதில் 16 பேர். யாரும் கூச்சப்படுவதாகத் தெரியவில்லை.

பேக்-12 பசங்க சுலபமா வெளிய போயிட்டாங்க, ஏ.சி.சி.யில ஃப்ளோரிடா ஸ்டேட் மட்டும் கோர்ட்டுக்கு அலைஞ்சுதுன்னு படிச்சேனுங்க. ஏன் இந்த வித்தியாசம்? போனவங்களுக்கு என்ன கிடைச்சுது?
– ப.செ., பல்லடம்

பல்லடத்துக்காரருக்கு இது ஒரு வரியில் விளங்கும். கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணையில் கொட்டகை உங்களுது, கரண்டு பில் உங்களுது, ஆனால் குஞ்சு கம்பெனியுது. பேட்ச் நடுவில் 'நான் வேறு கம்பெனிக்குப் போறேன்' என்றால் கொட்டகையோடு போகலாம், கோழி வராது. கான்ஃபரன்ஸில் உரிமை ஒப்படைப்புப் பத்திரம் என்று ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார்கள். சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை, பத்திரத்தின் கெடு முடியும் வரை கான்ஃபரன்ஸுக்கு. ஸ்டேடியம், ஆட்டக்காரர், கோச் எல்லாரோடும் விலகினாலும் அந்த உரிமை பின்னாடி வராது. டிவி உரிமை இல்லாத உறுப்பினரை வேறு எந்தக் கான்ஃபரன்ஸ் சேர்த்துக்கொள்ளும்?

பேக்-12ன் டிவி ஒப்பந்தமும் பத்திரமும் 2024 கோடையோடு முடிவதாக இருந்தன. புது ஒப்பந்தத்துக்குத் தலைமை கொண்டுவந்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதற்குத் தகுந்தபடி வருமானம் ஏறும் என்ற பேச்சை நம்ப ஆளில்லை. பேட்ச் முடிகிற நேரம், அடுத்த பேட்ச்சுக்கு உறுதி இல்லை; ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏ.சி.சி. பத்திரமோ 2036 வரை. அதனால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் சமரசம்: டிவி பணத்தில் பெரிய பங்கை, எந்த அணியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கில் பிரிப்பது, விலகல் கட்டணம் 16.5 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் இறங்கி 2030-31ல் 7.5 கோடிக்கு வந்து நிற்பது. அந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தாவல் அதை ஒட்டித்தான் வரும். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ன் கெடுவுக்கு ஓராண்டு முன்னதாகக் கிளம்ப, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன.

கிடைத்தது என்ன என்பது, பேரம் பேசும்போது கையில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. பிக் டென் 2022-ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் முழுப் பங்கோடு நுழைந்தன. ஓராண்டு கழித்து, வீடு தீப்பற்றிய பிறகு கதவைத் தட்டிய ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் ஏறக்குறைய பாதிப் பங்கு: ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர், வருடம் 10 லட்சம் கூடும். ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்க்லிக்கும் ஏ.சி.சி.யில் முதல் ஏழு ஆண்டுக்கு 30 சதவீதப் பங்குதான். அதே ஏ.சி.சி.யில் சேர்ந்த டாலஸின் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் இன்னும் துணிந்தது, ஒன்பது ஆண்டு டிவி பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றது. பணக்காரப் பழைய மாணவர்கள் இருக்கும் தைரியம். இருந்தும் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஏ.சி.சி. இறுதி ஆட்டத்துக்கும் ப்ளேஆஃபுக்கும் போய்விட்டது.

ஒரு குடும்பச் சண்டையும் உண்டு. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே மாநிலப் பல்கலைக்கழகத்தின் இரு வளாகங்கள். ஒன்று போனதால் மற்றொன்றுக்கு நட்டம் என்று, யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் தரவேண்டும் என ஆட்சிக்குழு 2024-ல் முடிவெடுத்தது. 'ஜீவனாம்சம்' என்றே அங்கே கேலி பேசினார்கள்.

எல்லாரும் போன பிறகு பேக்-12ல மிச்சமிருந்த ரெண்டு காலேஜ் என்னாச்சுங்க?
– மு.த., நாமக்கல்

ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறிய ஊர்களில் இருப்பவை. ஆடுவதில் குறையில்லை, டிவி சந்தையில் விலை இல்லை. முதலில் செய்த காரியம் சரியானது: வெளியேறுவதாக அறிவித்தவர்களுக்குக் கான்ஃபரன்ஸின் ஆட்சிக்குழுவில் ஓட்டு இல்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேல் நீதிமன்றம் டிசம்பரில் தலையிட மறுத்தது. கான்ஃபரன்ஸின் பெயரும் மிச்சச் சொத்தும் இருவர் கைக்கு வந்தன.

ஒரு கான்ஃபரன்ஸுக்கு எட்டு உறுப்பினராவது வேண்டும். குறைந்தால் இரண்டு ஆண்டு அவகாசம். அதற்குள் 2024 சீசனை ஓட்ட மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸோடு ஆட்டங்களுக்குச் சுமார் 1.4 கோடி டாலரில் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்திலேயே, எங்கள் உறுப்பினரை இழுத்தால் தலைக்கு இத்தனை கோடி அபராதம் என்ற ஷரத்து இருந்தது. 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் உட்பட ஐந்து பேரை அங்கிருந்தேதான் இழுத்தார்கள். அபராதம் கட்டவேண்டியதில்லை என்று வழக்கும் போட்டார்கள். தனக்கு நடந்ததை அடுத்தவருக்குச் செய்வது இந்தத் தொழிலில் தப்பே இல்லை. டெக்சாஸ் ஸ்டேட்டும் சேர்ந்து எட்டு ஆயிற்று. புதுக் கட்டமைப்பு 2026 ஜூலை 1 முதல்.

இடைப்பட்ட காலத்தில்தான் உண்மையான சேதம். 2024-ல் நன்றாக ஆடிய வாஷிங்டன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜான் மடீர் ஓக்லஹோமாவுக்குப் போனார், கோச் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஒண்டுக்குடித்தனம். ஆரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி 2025-ல் கான்ஃபரன்ஸே இல்லாமல், நாடு முழுக்க ஆட்டம் தேடிப் பறந்து, கடைசியில் ஒமாஹாவின் காலேஜ் உலகத் தொடர் வரைக்கும் போனது. விதிவிலக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள், வழிமுறை என்று அல்ல.

பாப்பா டென்னிஸ் ஆடறாங்க, ஐ.டி.எஃப். ஜூனியர் போட்டிக்கெல்லாம் போறா. அடுத்த வருசம் +2. அமெரிக்காவுல ஸ்காலர்ஷிப்புக்குப் பார்க்கிறோம். ஃபுட்பாலுக்காகக் காலேஜ் கான்ஃபரன்ஸ் மாறினா டென்னிஸ் புள்ளைக்கு என்னங்க?
– ஓர் அம்மா, பீளமேடு, கோவை

நிறையங்க. ஃபுட்பால் அணி ஆண்டுக்கு நாலைந்து முறைதான் வெளியூர் போகும், தனி விமானத்தில். டென்னிஸ், வாலிபால், சாஃப்ட்பால் எல்லாம் வாரநாளிலும் ஆடும், சாதாரண விமானத்தில். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் வரை வான்வழியே 4,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோவை-டெல்லியைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மணி நேர வித்தியாசம். வெள்ளி, ஞாயிறு ஆட்டம் என்றால் வியாழன் கிளம்பணும். வெள்ளிக்கிழமை லேப் வைத்திருக்கும் இன்ஜினியரிங் படிப்பு எடுக்கிற பிள்ளைக்கு இது ஒவ்வொரு வசந்த பருவமும் தலைவலி. யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஆரிகன், வாஷிங்டன், ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆறிலும் இதைக் கணக்கில் எடுங்கள். கோச்சிடம் போன வருட வெளியூர் அட்டவணையைக் கேட்டு, எத்தனை வகுப்பு நாள் போயிற்று என்று நீங்களே எண்ணுங்கள். கல்லூரி இணையதளத்திலேயே அட்டவணை கிடைக்கும்.

வகுப்பு போகுதே என்று ஆன்லைன் பாடம் எடுக்கச் சொல்வார்கள். அமெரிக்கப் பிள்ளைக்குச் சரி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஒரு பருவத்துக்கு முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் சேரும். இளங்கலைக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் விசாவும் போச்சு, ஆடும் தகுதியும் போச்சு. பாடம் கஷ்டம் என்று பருவத்தின் நடுவே ஒன்றைக் கைவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. கைவிடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உதவித்தொகை. 2025 ஜூன் 6-ல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்குச் சமரசப்படி (ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கு), பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். இந்தப் பணம் எங்கேயிருந்தோ வரவேண்டுமில்லையா? அதற்குத்தான் பெரிய டிவி கான்ஃபரன்ஸைத் தேடுகிறார்கள், கிடைக்காதவர்கள் மற்ற ஆட்டங்களின் செலவைக் குறைக்கிறார்கள். முன்பு பெண்கள் டென்னிஸில் எட்டு பேருக்கு, கொடுத்தால் முழு உதவித்தொகை என்பது விதி. சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இப்போது அணிக்குப் 10 பேர் என்று எண்ணிக்கை வரம்பு. பத்து பேருக்கும் முழுசாகத் தரலாம், கால்வாசியும் தரலாம். 'ஸ்காலர்ஷிப் உண்டு' என்ற வாய்வார்த்தை போதாது. எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு, அணியையே நிறுத்தினால் படிப்பு முடியும் வரை தருவீர்களா என்று எழுத்தில் வாங்குங்கள். இப்போதுள்ள பத்து பேரில் உங்கள் பெண் சேரும் ஆண்டில் யார் யார் படிப்பு முடித்துப் போகிறார்கள் என்றும் பாருங்கள். இடம் காலியில்லாத அணிக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது வீண்.

கான்ஃபரன்ஸ் பெயரைவிட அணியும் கோச்சும் முக்கியம். சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றது வர்ஜினியாவுக்காக. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் தேசியக் கல்லூரிப் பட்டம் எடுத்தது கான்சஸ் ஸ்டேட்டுக்காக. ஃபுட்பால் ரசிகர் அதிகம் பேசாத ஊர்கள்தான் இரண்டும்.

இப்போதே செய்யவேண்டியது: என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு. 9 முதல் 12 வரை மதிப்பெண் சான்றுகள், 16 அடிப்படைப் பாடங்கள் கணக்குக்கு வரும். +2 முடித்து ஓராண்டு 'டோர்னமெண்ட் ஆடிட்டு அப்புறம் போகலாம்' என்று இருந்தால் ஆடும் தகுதி ஆண்டுகளில் வெட்டு விழலாம். பரிசுப் பணம் வாங்கும் முன்பும் விதி கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம், ஸ்பான்சர் பணம் என்று அங்கே பிள்ளைகள் சம்பாதிப்பதைப் பார்த்து ஆசைப்படவேண்டாம். எஃப்-1 விசாவில் அமெரிக்க மண்ணில் அதற்காக வேலை செய்வது விசாவைச் சிக்கலில் மாட்டும். வரி ஒன்று உண்டு: கல்விக் கட்டணத்துக்குப் போகும் உதவித்தொகைக்கு வரியில்லை, தங்குமிடம்-சாப்பாட்டுக்கானதில் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி மாணவர்களுக்கு உள்ள கழிவைக் கேட்டு வாங்கலாம்.

பிடிக்காமல் வேறு கல்லூரி மாறுவதானால், ஆட்ட அனுமதி வேறு, விசா வேறு. பழைய கல்லூரி செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவை விடுவித்து, புதுக் கல்லூரி விசாவுக்கான சேர்க்கைப் படிவமான ஐ-20ஐப் புதிதாகத் தந்த பிறகுதான் மாறணும்.

கல்லூரிக்குக் கோடிக்கணக்குல டிவி பணம் வருதே, ஃபீஸ் லிஸ்டுல 'அத்லெடிக்ஸ் ஃபீ'ன்னு ஏன் போடறாங்க?
– வி.ந., திருச்செங்கோடு

கோடி வருவது மேல்தட்டுக்கு. பிக் டென், எஸ்.இ.சி. பல்கலைக்கழகங்களில் இந்தக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சிறிது. கீழ்த்தட்டுக் கான்ஃபரன்ஸ்களில் விளையாட்டுத் துறையின் வருமானத்தில் பெரிய பகுதியே மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக மானியமும்தான். உள்ளபடி கவனிக்க வேண்டியது மேலே ஏறுகிற கல்லூரி. ஃபுட்பாலின் உச்சப் பிரிவுக்குப் போக என்.சி.ஏ.ஏ. வாங்கும் கட்டணம் 5,000 டாலராக இருந்தது. 2023-ல் 50 லட்சம் டாலராக்கினார்கள். 2025-ல் டெலவேரும் மிசௌரி ஸ்டேட்டும் அப்படி 'கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.' என்ற கூட்டுக்கு ஏறின. இப்படி ஏறும் இடத்தில் சேர்வதானால், 'கட்டாயக் கட்டணங்கள்' என்ற பக்கத்தைத் திறந்து மூன்று ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தள்ளுபடி கேட்டால் தரமாட்டார்கள்.

நோட்ர டாம் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லையாமே?
– ஜெ.பா., கரூர்

அந்தப் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் மட்டும்தான் எதிலும் சேரவில்லை. 1991 முதல் என்.பி.சி.யோடு தனி டிவி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. மற்ற பல ஆட்டங்களுக்கு ஏ.சி.சி. உறுப்பினர், பதிலுக்கு ஃபுட்பாலில் ஆண்டுக்கு ஐந்து ஏ.சி.சி. அணிகளோடு ஆடுகிறது. தனியாகவே விலைபோகும் சரக்குக்குக் கூட்டு எதற்கு?

பழைய வைரி ஆட்டங்கள் நின்னு போச்சுங்களா?
– ச.கு., பெருந்துறை

சில நின்றன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் மோதும் பெட்லம் 2023-ஓடு நின்றது. சில திரும்பின: 2011-க்குப் பிறகு ஆடாத டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2024 நவம்பர் 30-ல் மோதின, இரண்டும் இப்போது எஸ்.இ.சி.யில். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் வேறு வேறு கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டே தனி ஒப்பந்தம் போட்டு ஆடுகின்றன. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஓக்லஹோமாக்காரர்கள் சொல்லும் 'அட்டவணையில் இடமில்லை' என்ற சாக்கு எடுபடவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை இங்க எத்தனை மணிக்குப் பார்க்கலாமுங்க?
– தெ.மு., திருப்பூர்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை கிழக்கு அமெரிக்க நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டுங்கள். பகல் 12 மணி ஆட்டம் நமக்குச் சனி இரவு 9.30. மாலை 3.30 ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1 மணி. இரவு 7.30 ஆட்டம் ஞாயிறு விடியற்காலை 5. மேற்குக் கரையின் பின்னிரவு ஆட்டம் ஞாயிறு காலை 8 மணி, டீயோடு பார்க்கலாம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னே தள்ளிய பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். யு.எஸ்.சி.யோ வாஷிங்டனோ கிழக்கே போய் 12 மணிக்கு ஆடினால் அவர்கள் உடம்புக்கு அது காலை 9 மணி. முதல் கால்பகுதியைக் கவனித்துப் பாருங்கள்.